பிறந்த நாள் யாருக்கு?

சென்ற தை மாதத்தில், நெசவாளர் குடியிருப்பு ஒன்றில் நடைபெற்ற பிறந்த நாள் வைபவத்திற்கு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தேன். தெருமுனையிலேயே ஆளுயரப் பிளெக்ஸ் பலகை வரவேற்றது. வாடகை மண்டபம், வண்ண விளக்குகள், இருநூறு பேருக்குக் குறையாத விருந்தினர், செவியைத் துளைக்கும் ஒலிபெருக்கி, மேடையின் நடுவே மூன்றடுக்குக் கேக்கு. விழாவின் நாயகி நான்கு வயது நிரம்பிய பெண் குழந்தை. அழைக்கப்பட்டிருந்த பிரமுகர் ஒருவர் வந்து சேரத் தாமதமாயிற்று. கேக்கு வெட்டும் வேளை வந்தபோது இரவு மணி ஒன்பது. நாயகியோ தாயின் தோளில் சாய்ந்து நன்றாக உறங்கிவிட்டாள்.

எழுப்பினார்கள். ஜிகினா தைத்த சட்டை கழுத்தில் உறுத்தியது. எதிரே கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். சுற்றிலும் முன்பின் அறியாத முகங்கள். குழந்தை வீரிட்டு அழுதாள். அவளது கையைத் தம் கைக்குள் பற்றிக்கொண்டு தகப்பனாரே கேக்கை வெட்டினார். "சிரி பாப்பா, சிரி!" என்று புகைப்படக்காரர் கெஞ்சியதுதான் மிச்சம்.

மறு வாரம் அத்தகப்பனாரைத் தெருவில் சந்திக்க நேர்ந்தது. சங்கத்தில் அங்கத்தினராக இருந்தவர் அவர். விழாச் செலவின் பொருட்டு வெளி முதலாளி ஒருவரிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு, அது கழியும் மட்டும் அவருக்கே நெய்து தர ஒப்புக்கொண்டுவிட்டதாகத் தாழ்ந்த குரலில் தெரிவித்தார். பிறகு, "எல்லாம் குழந்தையின் சந்தோஷத்துக்காகத்தானே ஐயா?" என்று அவரே கூறினார்.

அவர் கூறியதில் பொய்யில்லை. பிள்ளையிடம் அன்பில்லாதவர் இவ்வளவு பாரத்தைத் தலைமேல் ஏற்றிக்கொள்ளமாட்டார். ஆயினும் அந்தச் சந்தோஷத்தைக் குழந்தை கண்டாளா என்னும் கேள்வி அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை. கொண்டாட்டமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சிக்கனத்தின் பெயரால் பிள்ளைகளின் பண்டிகையைப் பறிப்பது கூட்டுறவாகாது. குழந்தைக்குரிய நாளைக் குழந்தையினிடமே திருப்பிக் கொடுப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முன்பணத்தின் கதை

நம் நெசவாளர் இல்லங்களில் முன்பணம் என்பது சாதாரணக் கடன் அன்று. அது உழைப்பையே கட்டிப்போடும் கயிறு. காஞ்சிபுரம் பகுதியின் பட்டுத் தறிகளில், பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகச் சிறுவர்களே தறியில் உட்கார்ந்து உழைக்க நேர்ந்த கொடுமை 1990களிலும் நீடித்தது என்பது பதிவான செய்தி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்ட பின்னும் இந்நிலை. கலியாணம், காதுகுத்து, மருத்துவம் எனப் பல காரணங்களால் அந்த முன்பணங்கள் வாங்கப்பட்டன. பிள்ளைக்குச் சிறப்புச் செய்ய வாங்கிய பணத்தைப் பிள்ளையின் விரல்களே அடைத்த வீடுகளும் அவற்றுள் இருந்திருக்கும். இன்று அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். ஆனால் முன்பணக் கயிறு மட்டும் புது வேடத்தில் மண்டப வாடகையாகவும், பிளெக்ஸ் பலகையாகவும் மீண்டும் வாயிற்படி ஏறுகிறது. வட்டிக்காரரின் பிடியிலிருந்து சிறு உழவரையும் கைவினைஞரையும் மீட்கவே 1904ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய சடங்குக் கடன் ஓரளவு குறைந்துவரும் வேளையில், பாட்டன்மார் அறியாத புதுச் சடங்கொன்றை நாமே ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்?

இரண்டு பிறந்த நாள்கள்

ஜவாஹர்லால் நேரு அவர்கள் தமது சுயசரிதையில் இளமைப் பருவத்துப் பிறந்த நாள்களை நினைவுகூர்ந்திருக்கிறார். அன்று விடியற்காலையில் அவரை ஒரு பெரிய தராசில் அமர்த்தி, எதிர்த்தட்டில் கோதுமை முதலிய பொருள்களை வைத்து நிறுப்பார்களாம். அப்பொருள்கள் ஏழைகளுக்கு வழங்கப்படும். அதன் பின்னரே புத்தாடை, பரிசுகள், மாலை விருந்து எல்லாம். அவருக்கிருந்த மனக்குறை ஒன்றே: இத்தகைய நாள் ஆண்டில் ஒருமுறைதானே வருகிறது! அதனை அடிக்கடி வரச்செய்ய வேண்டும் என்று சிறுவர் நேரு வீட்டில் கிளர்ச்சியே செய்து பார்த்தாராம்.

நேருவின் தந்தையார் செல்வம் மிகுந்த வழக்கறிஞர். அவ்வீட்டு விருந்து நமக்கு வழிகாட்டியாகாது. ஆனால் பரிசுகளையும் விருந்தையும் ஓரிரு சொற்களில் கூறும் அவர், தராசில் ஏறி அமர்ந்ததை மறவாமல் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. பெரியவனான பிறகும் மனத்தில் தங்குவது, தான் ஏறி, இறங்கி, தொட்டு, செய்த ஏதோ ஒன்றே.

நேருவின் குறை நம் பிள்ளைகளுக்கு இல்லை எனலாம். நம் நாட்டுக் குழந்தைக்கு ஆங்கிலத் தேதியால் ஒரு பிறந்த நாளும், ஜன்ம நட்சத்திரத்தால் மற்றொன்றும் உண்டு. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தேழு நாள் எட்டு மணி நேரம் ஆகிறது. ஆகவே பிறந்த தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் வரும் நாள் ஆண்டுதோறும் முன்பின்னாக மாறும். சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் இருமுறை வருவதும் உண்டு. அப்போது பின்னதையே கொள்வது பெரும்பாலோர் வழக்கம். நேரு அவர்களும் தம் மகள் இந்திராவின் பதின்மூன்றாவது பிறந்த நாளுக்காக நைனி சிறையிலிருந்து கடிதம் எழுதியது 1930 அக்டோபர் 26ஆம் நாள். ஆங்கிலத் தேதிப்படி அவர் பிறந்ததோ 1917 நவம்பர் 19. நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணக்கைக் கொண்டதால் வந்த வேறுபாடு அது. சிறையிலிருந்த தகப்பனாரால் மகளுக்குப் பொருள் எதுவும் அனுப்ப இயலவில்லை. கடிதத்தையே பரிசாக அனுப்பினார். உலக வரலாற்றைக் கூறும் பெருநூல் ஒன்றுக்கு அதுவே தொடக்கமாயிற்று.

இரு நாள்களையும் இரு விதமாகப் பயன்படுத்திக்கொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம். நட்சத்திரப் பிறந்த நாள் வீட்டோடு அமையட்டும்: எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, கோயிலுக்கு அழைத்துச் சென்று, பாட்டி ஆரத்தி சுற்ற, ஒரு பாயசம். மற்றது, குழந்தையின் தோழர்களுக்கு. இவ்வாறு பிரித்துவிட்டால் உற்றார் உறவினர் அனைவரையும் ஒரே மாலையில் ஒரே மண்டபத்தில் திரட்ட வேண்டிய கட்டாயமும் நீங்கும். குழந்தைக்கு ஓராண்டில் இரு திருநாள் கிடைக்கும், அதற்குக் கசக்குமா?

வயதுக்கேற்ற விழா

ஓராண்டு நிறைவன்று குழந்தைக்கு எதுவும் தெரியாது. அன்றைய மகிழ்ச்சி பெற்றோருடையது, அதில் தவறில்லை. பிள்ளை பிழைத்து ஓராண்டு கடந்ததே பெரும்பேறாகக் கருதப்பட்ட காலத்தில் தோன்றிய வழக்கம் அது. ஆனால் குழந்தை வேண்டுவது தாயின் மடியும், வேளைக்கு உறக்கமும், சந்தடியின்மையும் மட்டுமே. மொட்டையடித்தல், காதுகுத்தல், விருந்து, புகைப்படம் ஆகிய நான்கையும் ஒரே நாளில் அச்சிற்றுடல் மீது சுமத்துவது கொஞ்சம் கொடுமைதான்.

இரண்டு வயதில் தண்ணீர், மணல், பழகிய இரண்டொரு முகங்கள் போதும். மூன்று வயதில்தான் மூன்று விரல்களை நீட்டித் தன் வயதைச் சொல்லும் பெருமை பிறக்கிறது. இப்பருவத்துப் பிள்ளைகள் பலர், விழா நடப்பதனாலேயே தமக்கு வயது கூடுகிறது என்று நம்புவதை மனநூலார் கண்டறிந்துள்ளனர். 'பாயசம் வைக்காவிட்டால் மூன்று வயதாகவே இருந்துவிடுவேனோ' என்று அஞ்சும் பிள்ளையைக் கண்டு நகைக்க வேண்டாம். அதற்கு விழா என்பது ஆடம்பரம் அன்று. வளர்வதற்கான அனுமதிச் சீட்டு! ஆகையால் எவ்வளவு சிறிதாயினும் ஏதோ ஒன்று நடந்தே தீரவேண்டும்; அறவே இல்லை என்று சொல்லிவிடலாகாது.

நான்கு, ஐந்து வயதுகளில் காத்திருத்தலே பாதி விழா. 'அடுத்த வியாழக்கிழமை' என்பது அவர்களுக்குப் பொருளற்ற சொல். ஒரு நூலில் ஏழு முடிச்சுகள் இட்டுத் தொங்கவிட்டு, நாளுக்கொன்றாக மாலைதோறும் குழந்தையின் கையாலேயே அவிழ்க்கச் செய்து பாருங்கள். கடைசி முடிச்சு அவிழும் மாலையில் அவ்வீட்டில் உண்டாகும் குதூகலத்தை எந்த மண்டபத்திலும் காண இயலாது.

அழைக்கப்படும் சிறுவர் எண்ணிக்கைக்கு அனுபவமுள்ள தாய்மார் கொள்ளும் கணக்கு ஒன்றுண்டு: குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை பேர், மிஞ்சினால் ஒருவர் கூடுதல். நான்கு வயதுக்கு நால்வர் அல்லது ஐவர். அதற்கு மேற்பட்டால் குழந்தை மிரளும்; பொம்மைக்கு அடிதடி மூளும். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்துவிடவேண்டும். நண்பகல் உறக்கம் முடிந்து, பசி தொடங்கும் முன் உள்ள அந்த ஒன்றரை மணி நேரமே சிறு குழந்தைகள் நல்ல மனத்தோடிருக்கும் வேளை. பிரமுகர் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டா. அன்றைக்கு அவ்வீட்டுப் பிரமுகர் வேறொருவர்.

கையில் வேலை கொடுங்கள்

பெரியவர்க்கு ஓய்வு இன்பம். குழந்தைக்கு வேலையே இன்பம். மாவு பிசையும் இடத்தில் பிள்ளைகள் வந்து விழுவதை அறியாத தாய் யார்? ஆகவே அன்றைய பட்சணம் கடையிலிருந்து வருவதைவிடக் குழந்தையின் கையால் ஆகக்கூடியதாக இருத்தல் நன்று. இதற்குப் பிடிகொழுக்கட்டையை வெல்ல ஒன்றுமில்லை. அரிசி மாவும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கிளறி ஆறவைத்த மாவை ஒரு பிடி பிடித்தால் போதும்; ஐந்து விரல்களும் அதில் பதிந்துவிடும். இட்லிப் பானையில் வெந்து வரும்போது 'இது என்னுடையது, இது அவனுடையது' என்று விரல் அடையாளம் பார்த்தே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். சென்ற ஆண்டைக் காட்டிலும் இவ்வாண்டு விரல் தடம் பெரிதாகியிருப்பதைத் தாய் சுட்டிக்காட்டினால், வளர்ந்துவிட்டோம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கேக்கின்மீது ஆசைப்படும் பிள்ளைக்குச் சிறிதாக ஒன்று வாங்கித் தருவதில் பெரும் பாதகமில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது ஆகாது என்று பாட்டிமார் முகம் சுளிப்பதும், ஊதியே தீருவேன் என்று பேரன்மார் அடம் பிடிப்பதும் பல வீடுகளில் நடக்கும் வழக்கு. என் தீர்ப்பு இதுதான்: விளக்கு ஏற்றப்படட்டும், வயதுக்கு ஓர் அகலாக, தாயின் கைபிடித்துக் குழந்தையே ஏற்றட்டும். ஊதும் இன்பத்திற்கோ பூவரச இலையைச் சுருட்டிய பீப்பியும், சோப்புக் குமிழியும் இருக்கின்றன.

ஆங்கிலப் பிறந்த நாள் பாட்டைப் பற்றியும் ஒரு சொல். அதன் மெட்டு அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், பேட்டி ஹில் என்னும் மழலைப் பள்ளி ஆசிரியையும் அவர் தமக்கை மில்ட்ரெட் ஹில்லும் சேர்ந்து 1893ஆம் ஆண்டில் வெளியிட்ட காலை வணக்கப் பாட்டினுடையது. பிள்ளைகளின் சிறு குரலுக்கு எட்டும்படி அமைத்த எளிய மெட்டு அது, ஒலிபெருக்கிக்காக அமைத்ததன்று. ஐந்து குழந்தைகள் கைதட்டிப் பாடினால் அதற்கும் அழகுண்டு. தாலாட்டில் பிள்ளையின் பெயரை வைத்துப் பாடத் தெரிந்த நம் பெண்மணிகள், பிறந்த நாளுக்கும் நான்கு வரி கட்டிப் பாடினால் அதனினும் அழகு.

மாண்டிசோரி முறைப் பள்ளிகளில் ஓர் இனிய வழக்கம் உண்டு. (மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர், ஆகவே அவர் நமக்கு அயலார் அல்லர்.) நடுவில் சூரியனைக் குறிக்க ஒரு விளக்கு. பிறந்த நாள் கொண்டாடும் குழந்தை சிறு பூமி உருண்டையைக் கையில் ஏந்தி, வயதுக்கு ஒரு சுற்றாக அதைச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஆண்டில் நடந்ததை ஆசிரியை எடுத்துரைப்பார். இதனை நம் வீட்டில் செய்யக் காசு வேண்டுமா? முற்றத்தின் நடுவே குத்துவிளக்கு. பாவாடை தீயில் படாதபடி எட்டிய வட்டம் ஒன்று கோலப்பொடியால். கையில் எலுமிச்சம் பழம். "முதல் சுற்றில் நீ தவழ்ந்தாய், இரண்டாம் சுற்றில் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை உடைத்தாய்" என்று தாய் கூறும்போது எழும் சிரிப்பொலியே வாத்தியம். தன் கதையைத் தானே நாயகனாக நின்று கேட்பதைப்போன்ற விருந்து குழந்தைக்கு வேறில்லை.

விளையாட்டுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கண்ணாமூச்சியும் நொண்டியும் பச்சைக்குதிரையும் எல்லாத் தெருவிலும் உண்டு. தோற்றவனை வெளியே நிறுத்தும் ஆட்டங்களை ஐந்து வயதுக்கு உட்பட்டோரிடம் வைக்காதிருத்தல் நன்று. அழைத்து வந்த விருந்தாளியை அழவைத்து அனுப்பலாகாது.

தறியுள்ள வீடும் தோட்டமுள்ள வீடும்

உலகுக்கெல்லாம் உடை நெய்பவர் வீட்டுப் பிள்ளை, அந்நாளில் உறுத்தும் ஜிகினாச் சட்டை அணிந்து அழுவது பொருத்தமா? மெல்லிய பருத்திக் கைத்தறியில் தைத்த சட்டையே குழந்தையின் உடலுக்கு ஏற்றது. சங்க விற்பனை நிலையங்களிலும், 1935ஆம் ஆண்டில் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸிலும் துணி கிடைக்கும். தைக்கும்போது ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பெண் குழந்தையின் சட்டைக்கும் பை வேண்டும். நூறு மணிகள் கோத்த சட்டையைவிட, கூழாங்கல் போட்டுக்கொள்ள ஒரு பை உள்ள சட்டையே பிள்ளைக்கு உயர்ந்தது.

தறி வீட்டில் செய்யத்தக்க மற்றொன்று: பிறந்த நாளன்று குழந்தையைச் சுவரோடு நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை ஒரு சாய நூலை அளந்து எடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மீட்டரை ஒட்டியிருக்கும். அதனைத் தார்க்குச்சி ஒன்றில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு வேறு நிற நூல். ஐந்தாறு ஆண்டுகளில் ஐந்தாறு நிறங்கள் சேர்ந்துவிடும். அவற்றை வரிசையாகத் தரையில் நீட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்குத் தெவிட்டாத விளையாட்டு. செலவு, கழிவு நூல்தான். காந்தியடிகளின் பிறந்த நாளை அன்பர்கள் நூல் நூற்றே கொண்டாடி வந்தனர். குஜராத்தில் இந்தியப் பஞ்சாங்கப்படி வரும் அந்நாளுக்கு இராட்டைத் துவாதசி என்னும் பெயரே வழங்கிற்று. நூலும் பிறந்த நாளும் உறவினர்தாம்.

பயிரிடுவோர் வீட்டில் இன்னும் எளிது. மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கத் தெரிந்தவர் நாம். பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தாம்பாளத்தில் ஈர மணல் பரப்பி, குழந்தையின் பெயரின் முதலெழுத்தை விரலால் கீறி, ஊறவைத்த வெந்தயத்தை அந்தப் பள்ளத்தில் தூவச் செய்யுங்கள். காலையும் மாலையும் நீர் தெளிப்பது குழந்தையின் பொறுப்பு. இரண்டு மூன்று நாளில் முளை காணும். ஏழாம் நாள் எழுத்து பச்சைப் பசேலென்று எழுந்து நிற்கும். தன் பெயர் மண்ணிலிருந்து முளைப்பதைக் காணும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்!

பிறந்த நாளில் மரம் நடும் வழக்கமும் பரவி வருகிறது; நல்லதே. ஆயினும் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும் தென்னையைச் சிறு பிள்ளைக்கு நட்டுக்கொடுத்தால், அடுத்த மாதமே அது மறந்துபோகும். பிள்ளையின் பொறுமைக்கேற்ற பயிர் வேண்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதைத்து ஆறு மாதத்தில் காய்க்கும். வாழைக்கன்றோ பதினோரு, பன்னிரண்டு மாதத்தில் தார் தரும். அதாவது, இந்தப் பிறந்த நாளில் நட்டது ஏறக்குறைய அடுத்த பிறந்த நாளுக்குப் பலன் தரும். (நெசவாளருக்கும் தார், தோட்டக்காரருக்கும் தார், சொல்லளவிலேனும் நாம் ஒரே சங்கத்தார்.)

அத்தாரைக் கொண்டு நேரு வீட்டுத் துலாபாரத்தையும் நடத்திவிடலாம். விளைபொருள் நிறுக்கும் தராசு சங்கக் கிடங்கில் இருக்கிறது. எடை போடும் நாளில் காரியதரிசியிடம் சொல்லிக் குழந்தையை ஒருமுறை உட்காரவைத்து நிறுத்துப் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை சுமார் பதினாறு கிலோ நிறுக்கும். அவ்வளவு வாழைப்பழமோ, கீரையோ, அல்லது அதில் பாதியோ கால்வாசியோ, இயன்றதை அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். குஜராத்தில் 'திதி போஜன்' என்ற பெயரில், வீட்டு விசேஷ நாள்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் முறை தோன்றி, பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. வகுப்பில் ஒரு பிள்ளை விலையுயர்ந்த மிட்டாய் வழங்க, மறுநாள் பிறந்த மற்றொரு பிள்ளை வெறுங்கையோடு தலைகுனிந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். வாழைப்பழம் வழங்கும் வகுப்பில் அந்தத் தலைகுனிவுக்கு அத்தனை இடமிராது.

சேமிப்புக் கணக்கைப் பற்றிக் கூறாவிட்டால் இவ்வேட்டில் எழுதத் தகுதியற்றவன் ஆவேன். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு உண்டு; 2015ஆம் ஆண்டில் தொடங்கியது; ஆண்டுக்கு ரூபாய் 250 கட்டினாலும் கணக்கு நடக்கும். நம் சங்கங்களிலும் தொடர் வைப்பு உண்டு. மண்டபச் செலவில் ஒரு பங்கை அங்கே இடுவது அறிவுடைமை. ஆனால் அதனைப் 'பரிசு' என்று குழந்தையிடம் சொல்லி ஏமாற்ற வேண்டாம். ஐந்து வயதுக்குப் பாஸ் புத்தகம் வெறும் காகிதம். ஆண்டு முழுதும் காசு போட்ட மண் உண்டியலைப் பிறந்த நாளன்று உடைத்து, சிதறும் நாணயங்களைப் பொறுக்கி அடுக்கி எண்ண விடுவதே அதற்குப் பரிசு. எண்ணிய பின் அவற்றைச் சங்கத்தில் செலுத்தலாம். ஒரு பங்கை மட்டும் அவர்கள் விருப்பத்திற்கு விட்டுவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. பலூன் வெடித்த துண்டும், ஊதாத பலூனும் சிறு குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே உலைவைக்கும். உடனுக்குடன் பொறுக்கி அகற்றுக. ஹைட்ரஜன் அடைத்த பலூன் நெருப்பருகே வெடித்துத் தீப்பற்றும். கொண்டாட்டத்தில் பீய்ச்சும் நுரைக் குப்பிகளில் பெரும்பாலும் எரியும் வாயுவே உந்துபொருளாக இருக்கும். விளக்கோ மெழுகுவர்த்தியோ எரியும் இடத்தில் அதனை எடுக்கவே கூடாது. நான்கு வயதுக்குட்பட்டோருக்கு முழு வேர்க்கடலை ஆகாது, அது புரைக்கேறும். விருந்துச் சிறுவர் வருமுன் தறிக்குழியின் மேல் பலகை இட்டு மூடுக. தோட்ட வீட்டில் கிணற்றுக்குத் தடுப்பும், பூச்சிமருந்துக்குப் பூட்டும் இன்றியமையாதவை. பழைய பானப் புட்டிகளில் பூச்சிமருந்தை ஊற்றி வைத்திருப்போர் அன்றைக்கல்ல, இன்றைக்கே அதனை அகற்ற வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் குடும்பத்தாரை அண்மையில் மறுபடியும் கண்டேன். முன்பணத்தில் பாதி கழிந்துவிட்டதாம்; மீதி கழிந்ததும் மீண்டும் சங்கத் தறிக்கே திரும்புவதாகத் தகப்பனார் சொன்னார். குழந்தை திண்ணையில் பாட்டியின் அருகே அமர்ந்து, அவர் தார் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, உனக்கு எப்போ பிறந்த நாள்?" என்று கேட்டாள்.

"எனக்கு ஏதடி கண்ணு பிறந்த நாள்? தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன மார்கழியிலே பிறந்தேனாம். நாள் தெரியாது."

அப்புயல் 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசியது என்று நான் இடையே கூறினேன். குழந்தைக்கு அது எட்டவில்லை. சற்று நேரம் யோசித்தாள். பிறகு தை மாதத்துத் தன் நாளில் பாட்டியும் பிறந்துகொள்ளலாம் என்று அனுமதி அளித்தாள். வரும் தையில் மண்டபம் இல்லை என்று தீர்மானமாகிவிட்டது. இரண்டு பேருக்கும் கொழுக்கட்டை. பாட்டியினுடையதைப் பாட்டியே பிடிக்கவேண்டும்.

"உனக்கு எத்தனை சுற்று பாட்டி?" என்றாள் குழந்தை. அறுபதுக்கு மேல் என்றதும், பாட்டிக்குக் கால் வலிக்குமே என்று கவலைப்பட்டு, பாதியைத் தானே சுற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டாள்.